தலைஞாயிறு உப்பு வயலுக்கு ‘மரபணு திருத்திய’ விதை வாங்கலாமா?

வணக்கம் அண்ணே. உப்பு ஏறிய வயலுக்கு "மரபணு திருத்திய நெல்" என்று ஒருவர் கூடுதல் விலைக்கு விதை மூட்டை தருகிறார், வாங்கலாமா, பிடி பருத்தி (பாக்டீரியாவின் மரபணு சேர்த்த பருத்தி) மாதிரியா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள்.

இப்படி நெல் வந்திருக்கிறது என்ற செய்தி உண்மைதான். 2025 மே மாதம் மத்திய அரசு மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. ஒன்று, நாம் சம்பாவில் போடும் பிபிடி 5204 நெல் ரகத்திலிருந்து வந்த கமலா. உங்களுக்குப் பொருந்துவது மற்றது, பூசா டிஎஸ்டி நெல் 1. எம்டியூ 1010 நெல்லில் டிஎஸ்டி என்ற மரபணுவை மட்டும் முடக்கியிருக்கிறார்கள். அதனால் நீராவி வெளியேறும் இலைத்துளைகள் குறைந்து, பயிர் வறட்சியையும் உப்பையும் ஓரளவு கூடுதலாகத் தாங்குகிறது. பிடி பருத்தி போல வேறு உயிரின் மரபணு இதில் கிடையாது. எனக்கும் பெரிய நம்பிக்கை தரும் வேலை இது.

ஆனால் அறிவிப்பு வேறு, விதை கைக்கு வருவது வேறு. சான்று பெற்ற விதைக்குரிய நீல நிறச் சான்றட்டை இல்லாத மூட்டையைத் தொடவே தொடாதீர்கள்.

முதலில் மண்ணைப் பரிசோதித்து உவரா (கரையும் உப்பு மிகுந்ததா), களரா (சோடியம் மிகுந்ததா) என்று பாருங்கள். களர் என்றால் ஜிப்சம் போட்டு, திருச்சி 3 நெல் ரகம் விதைக்கலாம். உவர் என்றால் உப்பு கரைந்து போக நல்ல தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலில் ஓடும்போதே அதைச் செய்துவிடுங்கள்.