மூச்சு வாங்கும் பர்சியன் பூனை: கையில் 15,000 ரூபாய், எதை முதலில் செய்வது?

கேள்வி: டாக்டர், எங்கள் பூனை லட்டு, இரண்டு வயதுப் பெண் பர்சியன். ‘எக்ஸ்ட்ரீம் பஞ்ச் ஃபேஸ்’, அதாவது ரொம்பத் தட்டையான முகம் என்று சொல்லி விற்றார்கள். குட்டியிலிருந்தே குறட்டை விடும். இந்த வெயிலில் கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்குகிறது. போன வாரம் ஒரு தடவை வாயைத் திறந்து மூச்சு விட்டது. எடை 5.8 கிலோ. ஒரு கிளினிக்கில் சி.டி. ஸ்கேன், மூக்கு ஆபரேஷன், தொண்டை ஆபரேஷன் எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் ஆகும் என்றார்கள். என் கணவர் டிரெய்லர் ஓட்டுகிறார். கையில் 15,000 இருக்கிறது. ஒரு தடவை குட்டி போட வைத்து, விற்று, அந்தப் பணத்தில் ஆபரேஷன் செய்யலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?
வாசகி, தண்டையார்பேட்டை

பதில்:

ஆபரேஷனுக்கு அப்புறம் வருவோம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ‘வாயைத் திறந்து மூச்சு விட்டது’ என்ற வரிதான். நாய் நாக்கைத் தொங்கப் போட்டு இளைப்பது அதன் இயல்பு. பூனை அப்படியில்லை. மூக்கால் சமாளிக்க முடியாமல் போகும்போதுதான் பெரும்பாலும் வாயைத் திறக்கும். அதனால் லட்டுவை ஓரிரு நாளிலேயே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதற்குள் மறுபடி வாயைத் திறந்தாலோ, ஈறு நீலம் பாய்ந்தோ சாம்பல் நிறமாகவோ தெரிந்தாலோ அந்த நிமிடமே கிளம்ப வேண்டும், நடு ராத்திரியானாலும் சரி.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் ஒரு தடவை தவறியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் வியாசர்பாடியிலிருந்து ஒரு பர்சியன் கடுவனைக் கொண்டு வந்தார்கள். இதே தட்டை முகம், இதே குறட்டை. முகத்தைப் பார்த்ததுமே மூக்குதான் என்று முடிவு கட்டி மருந்து எழுதி அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தபோது, முன்னங்கால் முழங்கைகளை அகட்டி, கழுத்தை நீட்டிக்கொண்டு, படுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது. எக்ஸ்ரேயில் பார்த்தால் நெஞ்சுக்குள் நீர். இதயத் தசை தடித்துப் போகும் நோய் அதற்கு. நீரை ஊசியால் எடுத்தோம், பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தப் பத்து நாளும் அது பட்ட வேதனை என் அவசரத்தால் வந்தது. பர்சியன் இனத்துக்கு அந்த இதய நோய் வருவதுண்டு. முகம் தட்டையாக இருந்தால் எல்லாப் பழியும் மூக்கின் மேல் விழுந்துவிடுகிறது. அதனால் உங்கள் பணத்தில் முதல் செலவு மூக்குக்கு இல்லை, நெஞ்சுக்கு.

வீட்டில் இன்று ராத்திரியே ஒன்று செய்யுங்கள். லட்டு அசந்து தூங்கும்போது விலாவைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 30 விநாடிக்கு எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் நல்லது. தூக்கத்திலும் அடிக்கடி 30ஐத் தாண்டினால் நெஞ்சில் ஏதோ இருக்கலாம். 40ஐத் தாண்டினால் அன்றைக்கே காட்டுங்கள். மூக்கு அடைப்பென்றால் பொதுவாகச் சத்தம் இருக்கும். நெஞ்சுக் கோளாறு பல நேரம் சத்தமே இல்லாமல் வேக மூச்சாகத்தான் தெரியும். தூங்குவதையும் மூச்சு வாங்குவதையும் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். கிளினிக் மேஜையில் பயந்து உட்கார்ந்திருக்கும் பூனையைப் பார்ப்பதைவிட எங்களுக்கு அது அதிகம் சொல்லும்.

சரி, மூக்கு. தட்டை முகப் பூனைக்கு மண்டை எலும்புதான் குட்டையாகிறது. உள்ளே இருக்க வேண்டிய சதையும் சுருள் எலும்புகளும் அதே சின்ன இடத்துக்குள் நெருக்கியடித்துக்கொள்கின்றன. வெளியே மூக்குத் துவாரம் ஒரு கீறல் மாதிரி ஆகிவிடுகிறது. கண்ணிலிருந்து மூக்குக்கு வரும் குழாயும் மடங்கிப் போவதால் கண்ணோரம் காபிக் கறை போல நீர் வடியும். லட்டுவுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு குழாயின் விட்டம் பாதியானால் காற்று போவது இரண்டு மடங்கு கஷ்டமில்லை, கணக்குப்படி 16 மடங்கு கஷ்டம். இதைத் திருப்பிப் பாருங்கள். துவாரத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தினாலே பெரிய நிம்மதி கிடைக்கும். ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு பஞ்சு இழையை ஒவ்வொரு துவாரத்தின் முன்பும் பிடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இழை ஆடவில்லையோ அந்தப் பக்கம் அடைப்பு.

2016இல் வந்த ஒரு ஆய்வில், பூனைகளின் படங்களைக் கொண்டு முகத்தை அளந்து பார்த்தார்கள். முகம் எவ்வளவு தட்டையோ அவ்வளவுக்கு மூச்சுக் கோளாறும் கூடியிருந்தது. ‘பஞ்ச்’ என்று விலை ஏற்றி விற்கிறார்களே, அந்த முகத்துக்கு பூனைதான் ஆயுசு முழுக்க விலை கொடுக்கிறது.

இனி பணம். உங்களுக்குக் கொடுத்த எஸ்டிமேட்டில் எல்லாம் ஒரே மூச்சில் இருக்கிறது, அது தேவையில்லை. முதலில் நேரடிப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை. இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்டால் எக்கோ, அதாவது இதய ஸ்கேன். மயக்க மருந்து கொடுப்பதற்கு எப்படியும் இவை வேண்டும், அதனால் வீண் செலவாகாது. வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். எக்ஸ்ரே, ஸ்கேன், ஆபரேஷன் எல்லாம் அங்கேயே உண்டு, தனியாரைவிட கட்டணம் மிகவும் குறைவு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

நெஞ்சு நன்றாக இருந்தால் அடுத்தது துவாரத்தை அகலப்படுத்தும் ஆபரேஷன். மூக்கின் ஓரத்திலிருந்து ஆப்பு வடிவில் ஒரு துண்டு சதையை எடுத்துத் தைப்பார்கள். கத்தி வேலை கொஞ்சம்தான். செலவும் ஆபத்தும் பெரும்பாலும் மயக்க மருந்திலும், விழித்தெழும்வரை பக்கத்திலிருந்து கவனிப்பதிலும் இருக்கின்றன. லட்டுவுக்கு இன்னும் கருத்தடை ஆகவில்லை என்பதால் அதையும் அதே மயக்கத்தில் செய்ய முடியுமா என்று கேளுங்கள். இரண்டு மயக்கத்தின் செலவு ஒன்றாகிவிடும். மூச்சுக்குழாய்க்குள் குழல் செருகும்போதே மெல்லண்ணத்தையும், அதாவது தொண்டைப் பக்கம் தொங்கும் மேல்வாய்ச் சதையையும், பார்த்துவிடலாம். தொண்டை ஆபரேஷன் நாய்களுக்கு வேண்டியிருக்கும் அளவுக்குப் பூனைகளுக்கு வேண்டியிருப்பதில்லை. சி.டி. ஸ்கேன், துவாரம் திறந்த பிறகும் திணறினால் பார்த்துக்கொள்ளலாம். எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார். காப்பீடு இப்போது எடுத்தாலும், ஏற்கெனவே இருக்கும் கோளாறுக்குப் பொதுவாகக் கிடைக்காது.

பைசா செலவில்லாத மருத்துவம், எடையைக் குறைப்பது. 5.8 கிலோ லட்டுவுக்கு அதிகம். தொண்டையைச் சுற்றிய கொழுப்பும் மூச்சை நெருக்கும். கிண்ணத்தில் தீவனம் எந்நேரமும் கிடக்க வேண்டாம், அளந்து போடுங்கள். காசிமேட்டு மீன் கொடுத்தால் உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்துக் கொடுங்கள். ஆனால் பட்டினி போடாதீர்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் ஈரல் கெட்டுவிடும்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது லட்டுவை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். கொசுவத்திச் சுருளும் வேண்டாம். எண்ணூர் நெடுஞ்சாலை லாரிப் புழுதியே உங்கள் வீட்டுக்குப் போதும். சளி என்று நினைத்து யூகலிப்டஸ் தைலம் தடவுவதோ ஆவி பிடிக்க வைப்பதோ கூடாது. பாராசிட்டமால் கூடவே கூடாது. ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

குட்டி போட வைக்கும் யோசனையை, தயவுசெய்து, இன்றோடு விடுங்கள். தட்டை முகக் குட்டிகளுக்குத் தலை பெரிது, பிரசவம் சிக்கிக்கொள்வது இந்த இனத்தில் சாதாரணம். சிசேரியன் வரை போனால் நீங்கள் சேர்க்க நினைத்த பணம் ஒரே ராத்திரியில் போய்விடும். அதைவிடப் பெரிய விஷயம், இப்போதே மூச்சுக்குத் திணறும் உயிரின் வயிற்றில் நாலைந்து குட்டி ஏறினால் அது எப்படித் தாங்கும்? அந்தக் குட்டிகளும் இதே மூக்கோடுதான் பிறக்கும். வீட்டில் சொல்பவர்களை லட்டு தூங்கும்போது பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.

கூட்டிப் போகும்போது வெயில் ஏறும் முன் ஆட்டோ பிடியுங்கள். மூடிய பிளாஸ்டிக் கூடை வேண்டாம், காற்றோட்டமான கம்பிக் கூண்டு நல்லது. கீழே ஈரத்துண்டு விரித்து, பாதி இடம் காய்ந்ததாக விடுங்கள். கூண்டை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், எஞ்சின் சூடு ஏறும் தரையில் வேண்டாம். வீடியோவையும், எண்ணி எழுதிய மூச்சுக் கணக்கையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.