74 ஊர், 365 நாள்

கேள்வி: எனக்கு 27 வயது. சொந்த ஊர் தேன்கனிக்கோட்டை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அதை விட்டுவிட்டு, முதுகில் ஒரு பையோடு ஒரு வருடம் தனியாக ஊர் சுற்றப் போகிறேன். 18 மாநிலம், நேபாளம், பூட்டான் என்று 74 ஊர்களுக்குப் பட்டியல் போட்டுவிட்டேன். சுற்றுலா வந்தவன் மாதிரி இல்லாமல் உள்ளூர் மக்களோடு பழகி, முடிந்தவரை அவர்கள் வீடுகளிலேயே தங்கி, செலவில்லாமல் போக ஆசை. 1962-ல் இரண்டு இளைஞர்கள் டெல்லியிலிருந்து கையில் காசே இல்லாமல் நடந்து பல நாடுகளுக்குப் போனதாகப் படித்தேன். என்னாலும் முடியுமா? (பெயர் போடாதீர்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.)

பதில்: முதலில் கணக்கு. 365 நாளை 74 ஊருக்குப் பங்கு போட்டால் ஊருக்கு ஐந்து நாள்கூடத் தேறாது. அதில் ஒரு நாள் பஸ்ஸிலும் ரயிலிலும் போகும். இன்னொரு நாள் துணி துவைக்கவும் தூங்கவும் போகும். மிச்சமுள்ள மூன்று நாளில் உங்களோடு பேசப் போகிறவர்கள் ஆட்டோக்காரர், லாட்ஜ் மேனேஜர், அப்புறம் உங்களைப் போலவே பையோடு வந்த நாலு பேர். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவரிடம் நீங்களும் பேசியிருப்பீர்கள். எந்தப் படத்தை எந்தப் பாறையில் எடுத்தார்கள் என்று சிரித்துக்கொண்டே காட்டுவார். அதையே அன்று காலையிலிருந்து எத்தனை பேருக்குச் சொன்னாரோ! வந்து போகிறவர்களிடம் பேசுவது அவர் தொழிலில் ஒரு பகுதி. அவரோடு பழகிவிட்டதாக நீங்கள் ஊருக்கு வந்து சொன்னால் அவரே சிரிப்பார்.

உங்கள் கடிதத்தில் எனக்கு நெருடியது 'செலவில்லாமல்' என்ற சொல். செலவு இருக்கும் தம்பி, உங்கள் பையிலிருந்து போகாது, அவ்வளவுதான். எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. உங்கள் வயதில் நானும் ராஜஸ்தான் பக்கம் இப்படித் திரிந்தவன்தான். ஜோத்பூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் ஒரு வீட்டில் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். காலையில் எழுந்து, முற்றத்தில் இருந்த இரண்டு குடத் தண்ணீரையும் ஊற்றிக்கொண்டு சுகமாகக் குளித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்த வீட்டுச் சின்னப் பெண் இரண்டு குடத்தையும் எடுத்துக்கொண்டு எங்கோ நடந்தாள். திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனைக்கும் நான் தர்மபுரிக்காரன். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கலந்து பல்லெல்லாம் பழுப்பேறிய பிள்ளைகளோடு படித்தவன். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரும்வரை நல்ல தண்ணீருக்கு நம் மாவட்டங்கள் பட்ட பாட்டைப் பார்த்தவன். எனக்கே அன்று உறைக்கவில்லை. விருந்தாளி என்ற நினைப்பு அப்படிக் கண்ணை மறைக்கும்.

அந்த 1962 சங்கதிக்கு வருகிறேன். அவர்கள் சதீஷ் குமாரும் ஈ.பி. மேனனும். அணு ஆயுதம் வேண்டாம் என்று சொல்ல மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் என்று நான்கு தலைநகரங்களுக்குக் கிளம்பியவர்கள். காசு எடுத்துப் போகாதீர்கள் என்று சொன்னவர் காந்தியின் சீடர் வினோபா பாவே. காசு இருந்தால் ஓட்டலில் சாப்பிட்டு அறை எடுத்துத் தூங்கிவிடுவீர்கள், இல்லாவிட்டால்தான் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள் என்பது அவர் கணக்கு. அருமையான கணக்குதான். ஆனால் கதவு திறந்ததும் சொல்வதற்கு அவர்களிடம் ஒரு சேதி இருந்தது. அதற்காகப் பாரிஸில் சிறைக்கும் போனார்கள். நீங்கள் தட்டி, கதவும் திறந்து, 'என்னப்பா வேணும்?' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? 'உங்களோடு பழக வந்தேன்' என்றா? அந்த நேரத்தில் அந்த அம்மாவுக்கு மாட்டுக்குத் தீவனம் போடுகிற வேலை இருக்கும்.

சொல்வதற்கு ஒன்று வேண்டும். அது உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஒடிசா, ஜார்கண்ட், பீகார்ப் பையன்கள் எத்தனை பேர்! உங்கள் ஷிப்டிலேயே இருப்பார்கள். அவர்களில் ஒருவரோடு ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள். ஊர் எது, அம்மா பெயர் என்ன, ஊருக்குப் போய் எத்தனை மாதமாயிற்று என்று கேளுங்கள். நீங்கள் அந்தப் பக்கம் போவதாகச் சொன்னால் அம்மாவுக்கு ஒரு புடவை, தங்கைக்கு ஒரு பை என்று ஏதாவது கொடுத்துவிடுவார். அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த ஊரில் நீங்கள் 'மகனோடு வேலை பார்க்கிற பையன்'. அவன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா, யார் சமைக்கிறார்கள், ரூம் எப்படி என்று கேட்க அந்த அம்மாவிடம் நூறு கேள்வி இருக்கும். உங்களிடம் பதில் இருக்கும். நான்கு நாள் இருங்கள் என்று அவர்களே சொல்வார்கள். அரிசி, காய் வாங்கிப் போடுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் நீங்கள் எழுதவே இல்லை. தேன்கனிக்கோட்டையில் வளர்ந்தவருக்குத் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கடைத்தெரு அளவுக்காவது வரும். ஒரே மளிகைக் கடையில் மூன்று மொழியிலும் பேரம் பேசுகிற ஊர் அது. பீதரிலிருந்து ஸ்ரீகாகுளம் வரை துணையில்லாமல் பேசிக்கொண்டே போகலாம். பட்டியலில் மணாலி, ரிஷிகேஷ் எல்லாம் இருக்கும் என்று தெரியும். ராய்ச்சூர் இருக்கிறதா? சந்தை நாளில் ஒரு சின்ன ஊரில் இறங்கிப் பாருங்கள். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஆடு பார்க்க வந்தவர்கள் புது ஆளிடம் எப்படி வாயைப் பிடுங்குவார்களோ, அதேதான் அங்கேயும். இந்தியை உங்கள் ஷிப்டில் இருக்கும் அந்தப் பையனிடமே கற்றுக்கொள்ளுங்கள்.

சில்லறைச் சங்கதிகள்: அருணாச்சலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூருக்குள் போக முன்கூட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நேபாளத்துக்கு விசா வேண்டாம், வாக்காளர் அட்டை போதும். பூட்டானில் இந்தியர்களுக்கு இரவு ஒன்றுக்கு 1,200 ரூபாய் கட்டணம் உண்டு. செலவில்லாப் பயணத்தில் அதை எங்கே பொருத்தப் போகிறீர்கள் என்று தெரியவில்லை.

74-ஐ 12 ஆக்குங்கள். மாதத்துக்கு ஓர் ஊர். மூன்றாவது வாரம் டீக்கடைக்காரர் கேட்காமலே சர்க்கரை குறைத்துப் போடுவார். உங்களுக்கு அலுக்கவும் செய்யும். அலுத்தால் சந்தைக்குப் போய் மூட்டை இறக்குங்கள்.

ராஜினாமாவை அப்புறம் பார்க்கலாம். வீட்டில் மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள். நான் பெயர் போடவில்லைதான். ஆனால் தேன்கனிக்கோட்டை, 27 வயது, ஓசூரில் வேலை என்று அச்சில் வந்துவிட்டது. உங்கள் அம்மா இந்தப் பத்திரிகை படிப்பவராக இருந்தால் இந்நேரம் போன் வந்திருக்கும்.