இழுப்பது இருக்கட்டும், நிற்குமா?

கேள்வி: என்னிடம் 1962-ஆம் ஆண்டு செடான் கார் இருக்கிறது. வி-8 எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்தாயிற்று. அதற்குப் பொருத்தமாக 1950களில் செய்த சின்னப் பயண ட்ரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளே தங்கும் வண்டி) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. "ஹிட்ச் (ட்ரெய்லரைக் காரோடு இணைக்கும் கொக்கி) மாட்டினால் போதும், இந்த எஞ்சின் அநாயாசமாக இழுக்கும்" என்கிறார் விற்பவர். நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இழுக்கும் என்பதில் அவர் சொல்வது சரி. நிறுத்துவதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை, கவனித்தீர்களா?

உங்கள் காரில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான் இருக்கும். நீண்ட இறக்கத்தில் சூடேறச் சூடேற அதன் பிடி தளர்ந்துகொண்டே போகும். அதைவிட எனக்குப் பயம், பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலும் ஒரே சர்க்யூட், அதாவது நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் பாதை. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் சேர்ந்து கைவிட்டுவிடும். இரட்டை சர்க்யூட்டுக்கு மாற்றுவதுதான் உங்கள் முதல் செலவு. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் கிட் கிடைத்தால் அது இரண்டாவது. ட்ரெய்லருக்கும் தனியாக எலெக்ட்ரிக் பிரேக், காருக்குள் அதற்கான கன்ட்ரோலர், ட்ரெய்லர் கழன்றுகொண்டால் தானே பிரேக் பிடிக்கவைக்கும் சுவிட்ச் மூன்றும் வேண்டும். பழைய டைனமோ, வண்டி மெதுவாகப் போகும்போது போதிய கரண்ட் தராது, ஆல்டர்னேட்டர் வைத்துவிடுங்கள். ட்ரெய்லரில் 6 வோல்ட் பல்ப் இன்னும் இருந்தால், உங்கள் 12 வோல்ட் பட்டதும் பொசுங்கிவிடும்.

அப்புறம் கியர்பாக்ஸ். பாரம் இழுக்கும்போது ஆட்டோமேட்டிக்கின் எதிரி சூடுதான். ஆயிலுக்குத் தனி கூலர் போடுவது பெரிய செலவில்லை, கியர்பாக்ஸைப் பிரித்து வேலை செய்வதோடு ஒப்பிட்டால்.

ஹிட்சை பம்பரில் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அது காரின் அடிச்சட்டமான சேஸிஸில் போல்ட் போட்டு நிற்க வேண்டும். ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்சின் மேல் இறங்க வேண்டும். 1,000 கிலோ என்றால் டிக்கியில் இரண்டு பேர் ஏறி உட்கார்ந்த மாதிரி. இது குறைந்தால் ட்ரெய்லர் வால் ஆட்டும். கூடினால் காரின் பின்பக்கம் தணிந்து, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும்.

ட்ரெய்லரை வாங்கும் முன் எடைமேடையில் ஏற்றுங்கள். பழைய விளம்பரத் தாளில் இருப்பது காலி வண்டியின் எடை. தண்ணீர், கட்டில், பாத்திரம் எதுவும் அதில் சேராது. அலுமினியத் தகட்டுக்குள் மரச்சட்டம் இருக்கும். உள்பக்க மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று உள்ளே போனால் மரம் உளுத்திருக்கிறது. புதுப் பெயின்ட் வாசனை வந்தால் என் மூக்கு உடனே சந்தேகப்படும். டயரில் பட்டன் தேயாமல் இருப்பதைக் காட்டுவார். நீங்கள் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2312 என்றால் 2012-ஆம் ஆண்டின் 23-வது வாரம். அந்த வயது டயரில் வீடு வரைகூட இழுத்து வராதீர்கள். புது டயர் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். எடைமேடைக்கு வர மறுத்தால், முன்பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.