பல்செட் அக்ரிலிக்குக்குள் வைக்கும் கண்ணாடி இழை, பாலிஎத்திலீன் இழை, உலோக வலை ரெசினோடு உண்மையில் ஒட்டுமா?

கேள்வியின் விவரம்: மேல்தாடை முழு பல்செட் நடுவில் பிளந்தது. லேபில் உள்ளே இழை வைத்து ஒட்டிக் கொடுத்தார்கள். சில மாதத்தில் அதே இடத்தில் மறுபடி பிளந்துவிட்டது. வலுவூட்டும் பொருள் ரெசினோடு ஒட்டவில்லை என்பதுதான் காரணமா? எது நன்றாக ஒட்டும்?

பதில்:

பொருளுக்குப் பொருள் மாறும். சைலேன் (கண்ணாடியையும் ரெசினையும் இணைக்கும் வேதிப்பொருள்) பூசிய கண்ணாடி இழை, செட்டின் ரெசினான அக்ரிலிக்கோடு வேதிப் பிணைப்பாகவே சேரும். பிளாஸ்மாவால் (மின்னூட்டம் பெற்ற வாயு) பரப்பைப் பதப்படுத்திய பாலிஎத்திலீன் இழை ஓரளவு சேரும். உலோகக் கம்பியும் வலையும் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் வைத்தால் ஒட்டவே ஒட்டாது. ரெசினுக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான். ஆனால் இழை வைத்தும் மறுபடி பிளந்த செட் என்றால், நான் இழையின் வகையைக் கேட்கும் முன்பு ரெசின் அந்த இழைக் கற்றைக்குள் முழுசாக இறங்கியதா என்றுதான் பார்ப்பேன்.

ஒட்டுதல் ஏன் இவ்வளவு முக்கியம்? அக்ரிலிக்கின் யங் குணகம் (விறைப்பின் அளவு) 2 முதல் 3 கிகாபாஸ்கல். பல் வேலையில் வழக்கமாகப் பயன்படும் இ-கிளாஸ் இழைக்கு 70க்கு மேல். கடிக்கும்போது வரும் பாரத்தை அந்த இழை வாங்கிக்கொள்ள வேண்டுமானால், அது ரெசினிலிருந்து இழையின் பக்கச்சுவர் வழியாகத்தான் போயாக வேண்டும். சுவர் வழுக்கினால் 70 இருந்தென்ன, 700 இருந்தென்ன.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இழையின் இழுவலிமையை அதன் விட்டத்தால் பெருக்கி, ஒட்டுப்பரப்பின் சறுக்கு வலிமையின் இரு மடங்கால் வகுத்தால், இழை தன் முழு வலிமையையும் காட்டத் தேவையான குறைந்தபட்ச நீளம் கிடைக்கும். இழை 2000 மெகாபாஸ்கல், விட்டம் 15 மைக்ரான், ஒட்டுப்பரப்பு 20 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால் 0.75 மில்லிமீட்டர் வரும். ஒட்டு பாதியாகக் குறைந்தால் 1.5 மில்லிமீட்டர். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை போகும் நீள இழை இந்தக் குறையைச் சமாளித்துவிடும். அக்ரிலிக் பொடியோடு கலக்கும் துண்டு இழைக்குத்தான் அடி விழும். ஒட்டாத துண்டு இழை வலுவே தராது, விரிசல் தொடங்க இடம் கொடுக்கும்.

கண்ணாடி இழைக்கு வருவோம். இங்கே வேலைக்காவது மெத்தாக்ரிலேட் முனை உள்ள சைலேன். பாட்டிலில் மெத்தாக்ரிலாக்ஸிபுரோபைல் ட்ரைமெத்தாக்ஸிசைலேன் என்று நீளமாக எழுதியிருக்கும். அதன் ஒரு முனை தண்ணீரால் நீராற்பகுப்பு ஆகி, கண்ணாடிப் பரப்பில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளோடு சிலாக்ஸேன் பிணைப்பு போடும். மறுமுனையில் உள்ள இரட்டைப் பிணைப்பு, மோனோமர் (பொடியோடு கலக்கும் அக்ரிலிக் திரவம்) இறுகும்போது அதே சங்கிலியில் சேர்ந்துவிடும். இரண்டு முனையும் பிடித்தால்தான் ஒட்டு. எபாக்ஸிக்காகச் செய்த அமினோ சைலேன் பூச்சு உள்ள இழையில் இந்த இரண்டாவது முனையே கிடையாது. நெசவுக்காக ஸ்டார்ச்சும் எண்ணெயும் பூசிய துணி இன்னும் மோசம், அந்தப் பூச்சு கண்ணாடிக்கும் ரெசினுக்கும் நடுவில் நின்றுவிடும். ‘கண்ணாடி இழைதானே’ என்று கைக்குக் கிடைத்த ஃபைபர்கிளாஸைப் போடுவது வீண் வேலை. அதோடு, வாய்க்குள் போகும் பொருளுக்கு அதற்கென்று தயாரித்த இழைதான் வேண்டும்.

சைலேன் இல்லாத வெற்று இழையை லேபிலேயே தயார் செய்வதானால், 95 பங்கு எத்தனாலும் 5 பங்கு தண்ணீரும் கலந்து, சில துளி அசிட்டிக் அமிலத்தால் பிஎச் 4.5 முதல் 5.5க்குள் கொண்டுவந்து, கன அளவில் 2 சதவீதம் சைலேன் விட்டுக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் பாத்திரத்தில் செய்யுங்கள். கண்ணாடிக் குவளை என்றால் அதன் சுவரும் சைலேனைப் பிடித்துக்கொள்ளும். குறைந்தது ஐந்து நிமிடம் விட்ட பிறகு இழையை ஒன்றிரண்டு நிமிடம் முக்கி, எத்தனாலில் ஒருமுறை அலசி, 110 டிகிரி செல்சியஸில் ஐந்து முதல் பத்து நிமிடம் உலர்த்த வேண்டும். அலசுவதை விட்டுவிடாதீர்கள். சைலேன் அதிகம் இருந்தால் நல்லது என்று நினைப்பது இயல்பு, ஆனால் தடித்த சைலேன் படலத்தில் மேலடுக்குகள் கண்ணாடியோடு சேராமல் ஒன்றோடொன்று தளர்வாக ஒட்டியிருக்கும், அங்கேதான் உரியும். ஏற்கெனவே நீராற்பகுப்பு ஆன ஒற்றை பாட்டில் சைலேன் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கிப்போனதோ அடியில் படிந்ததோ வேலைக்கு ஆகாது.

இவ்வளவு செய்த இழையைக் கொண்டுபோய் நேராக மாவுப் பதத்தில் இருக்கும் அக்ரிலிக்கில் பதித்தால் எல்லாம் போச்சு. ஒரு கற்றையில் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கும். இடைவெளி சில மைக்ரான். மாவு அங்கே நுழையாது. வெளி இழைகள் மட்டும் நனைந்து, உள்ளே காற்று நிற்கும். அந்தக் காற்றில் உள்ள ஆக்சிஜன் சுற்றியுள்ள ரெசின் இறுகுவதையும் தடுக்கும், எஞ்சிய மோனோமர் கூடும், பிறகு அந்த வெற்றிடத்தில் தண்ணீர் புகும், நிறமும் ஏறும். சரி, மோனோமரிலேயே ஊற வைத்துவிடலாமே என்றால் அதிலும் சிக்கல் உண்டு. அந்த மோனோமரான எம்எம்ஏ (மெத்தில் மெத்தாக்ரிலேட்) தனியாக இறுகும்போது கன அளவில் சுமார் 21 சதவீதம் சுருங்கும். பொடி சேர்ந்த வழக்கமான கலவை 7 சதவீத அளவில் நிற்கும். வெறும் மோனோமரில் நனைத்த கற்றை சுருங்கி இழையைச் சுற்றி இடைவெளி விட்டுவிடும். நடுவழிதான் சரி: பாகு போல ஒழுகும் அளவுக்குப் பொடியும் மோனோமரும் கலந்து, இழையை அதில் கிடத்தி, மழுங்கிய கருவியால் நீளவாட்டில் மெல்ல நீவ வேண்டும். வெண்மையாகத் தெரியும் இழை நனைய நனைய ஊடுருவும் ஒளியில் கண்ணாடி போலத் தெளியும். எங்காவது வெள்ளைக் கோடு மிச்சம் இருந்தால் அங்கே காற்று இருக்கிறது. இந்த ஒரு சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம், கண் போதும்.

இந்தத் தொல்லைக்காகத்தான் முன்கூட்டியே பாலிமர் ஊட்டிய இழைகள் வந்தன. ஃபின்லாந்தின் டுர்க்குவில் பெக்கா வல்லிட்டுவும் உடனிருந்தவர்களும் 1990களில் செய்த வேலை இதில் முக்கியமானது. நுண்துளையுள்ள பிஎம்எம்ஏ (எம்எம்ஏ இறுகி உண்டாகும் பாலிமர்) ஊட்டிய இழையில் மோனோமர் பட்டதும் அந்த பிஎம்எம்ஏ கரைந்து, புதிய ரெசின் அதற்குள் ஊடுருவி இறுகும். எவர்ஸ்டிக் போன்ற விற்பனை இழைகளில் பிஸ்-ஜிஎம்ஏ என்ற ரெசினோடு நேர்ச்சங்கிலி பிஎம்எம்ஏ கலந்திருக்கும். இறுகிய பிறகும் அந்தப் பகுதியை மோனோமர் கரைக்கும் என்பதால், பின்னால் ஒட்டும் ரெசின் வேர் விட இடம் கிடைக்கிறது. இவற்றை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும்.

பாலிஎத்திலீன் இழையின் பரப்பு ஆற்றல் மிகக் குறைவு, எதுவும் அதில் எளிதில் ஒட்டாது. குளிர் பிளாஸ்மாவால் பரப்பில் ஆக்சிஜன் உள்ள தொகுதிகளை உண்டாக்கி ரெசின் நனையும்படி செய்கிறார்கள். ரிப்பாண்ட் என்ற விற்பனை இழை அப்படிப்பட்டது, அதன் பின்னல் அமைப்பும் ரெசினைப் பிடித்துக்கொள்ள உதவும். என் கருத்தில் இது ஆடும் பற்களைச் சேர்த்துக்கட்டும் ஸ்ப்ளின்ட்டில் காம்போசிட்டோடு (பல் அடைக்கும் ரெசின்) நன்றாக உழைக்கும், அக்ரிலிக் செட்டுக்குக் கண்ணாடி இழைதான் முதல் தேர்வு. வெறும் கையால் தொட்டால் பிளாஸ்மா பரப்பு கெட்டுவிடும், இடுக்கியால் எடுங்கள். ஃபில்லர் இல்லாத பாண்டிங் ரெசினில் நனைத்து, மிகுதியை ஒற்றி எடுத்த பிறகே வைக்க வேண்டும்.

உலோகத்துக்கு வேறு வழி. வெறும் எஃகுக் கம்பியைச் சுற்றி அக்ரிலிக் சுருங்கும், சூடு மாறும்போது இரண்டும் வெவ்வேறு அளவில் விரியும். அக்ரிலிக்கின் விரிவுக் குணகம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 70 முதல் 80, கோபால்ட்-குரோமியத்துக்கு 14 அளவில்தான். ஒட்டாத கம்பியின் ஓரத்தில் அழுத்தம் குவிந்து, விரிசல் அங்கிருந்தே கிளம்பும். கம்பி வைத்த செட் பிளந்த பிறகும் இரண்டு துண்டும் கம்பியில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது வலுவூட்டல் அல்ல. உலோகம்தான் வேண்டுமென்றால் 50 அல்லது 110 மைக்ரான் அலுமினாவால் சாண்ட்பிளாஸ்ட் செய்து, எம்டிபி அல்லது 4-மெட்டா என்ற ஒட்டு மோனோமர் உள்ள மெட்டல் பிரைமரை உடனே பூச வேண்டும். இவை ஆக்சைடு படலத்தைப் பிடிப்பவை. அதனால் கோபால்ட்-குரோமியம், நிக்கல்-குரோமியத்தில் நன்றாக வேலை செய்யும். தங்க உலோகக் கலவைக்குக் கந்தகத் தொகுதி உள்ள பிரைமர் வேண்டும். சிலிகா பூசிய அலுமினாவால் அடித்து அதன் மேல் சைலேன் இடும் முறை இரண்டுக்கும் பொருந்தும்.

இப்போது உங்கள் செட்டுக்கு. மேல் செட் நடுவில் பிளப்பது பெரும்பாலும் ஈறு மேடு தேய்ந்து, அண்ணத்தின் நடு மேட்டின் மீது செட் தொட்டில் போல ஆடுவதால். கடிக்கும்போது இரு பக்கமும் மேலே போகும், நடுவில் நாக்குப் பக்கப் பரப்பு இழுபடும். ஆகவே இழை அந்த மெருகிட்ட பரப்பை ஒட்டி, பிளவுக் கோட்டுக்குக் குறுக்கே, இடமிருந்து வலமாகப் போக வேண்டும். ஒரே திசை இழை அந்தத் திசையில் முழு பலம் தரும். இரு திசை நெசவில் ஒவ்வொரு திசைக்கும் பாதி. எல்லாத் திசையிலும் சிதறிய துண்டு இழையில் ஐந்தில் ஒரு பங்கு. பிளவுக் கோட்டோடு சேர்த்து நீளவாட்டில் வைத்தால் எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் பயன் இல்லை.

ரிப்பேர் செய்யும் முறை: துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து அடியில் பிளாஸ்டர் மாடல் ஊற்றி, பிளவு ஓரங்களை 45 டிகிரி சரிவாக்கி, நடுவில் 3 மில்லிமீட்டர் அளவு இடைவெளி விடுங்கள். நாக்குப் பக்கத்திலிருந்து இழைக்கு ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் குறுக்குப் பள்ளம் வெட்டி, வெட்டிய பரப்பு முழுவதையும் மோனோமரால் மூன்று நிமிடம் ஈரமாக வைத்திருங்கள். துடைத்துவிட்டுப் போவது போதாது, பழைய அக்ரிலிக் ஊதி இளக நேரம் வேண்டும். பிறகு நனைத்த இழை, அதன் மேல் சுய-இறுகு ரெசின், அழுத்தப் பாத்திரத்தில் (பிரஷர் பாட்) சுமார் 45 டிகிரி தண்ணீரில் 2 பார் அழுத்தத்தில் 15 நிமிடம். இழையை அரை மில்லிமீட்டராவது ரெசின் மூடியிருக்க வேண்டும். மெருகிடும்போது இழை வெளியே தெரிந்தால் நாக்கில் குத்தும், அழுக்கு பிடிக்கும். பாலிஷ் போட்டு மறைக்கப் பார்க்காமல், கொஞ்சம் குடைந்து மறுபடி ரெசின் போட்டு மூடுங்கள். செட் ஆடுவதையும் ரீலைன் செய்து (உள்பரப்புக்குப் புது ரெசின் இட்டு ஈறோடு பொருத்தி) நிறுத்தாவிட்டால் இழை எவ்வளவு நாள் தாங்கும் என்பது நேரக்கணக்குதான்.

உடைந்த துண்டு கையில் இருந்தால் பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் உடைந்த முகத்தைப் பாருங்கள். வழவழப்பாக, நீளமாக, ரெசின் ஒட்டாத இழைகள் துருத்திக்கொண்டிருந்தால் ஒட்டு தோற்றிருக்கிறது, சைலேனைச் சந்தேகியுங்கள். இழைகள் பஞ்சாகப் பிரிந்து, நடுவில் குழிகள் தெரிந்தால் நனையவில்லை. இழைகள் முகத்தோடு மட்டமாக அறுந்து, ரெசின் துணுக்குகள் ஒட்டியிருந்தால் ஒட்டு நன்றாகவே இருந்திருக்கிறது, பாரம்தான் அதிகம் அல்லது இடம் தவறு. பழைய ரெசினுக்கும் புதிய ரெசினுக்கும் நடுவிலேயே சுத்தமாகப் பிரிந்திருந்தால் இழை குற்றமற்றது, மோனோமர் ஈரம் போதவில்லை.

விளம்பரத் தாளில் வரும் வலிமை எண்ணைப் பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள். ஐஎஸ்ஓ 20795-1 தரம் வெப்பத்தில் இறுகும் செட் ரெசினுக்குக் குறைந்தது 65 மெகாபாஸ்கல் வளைவு வலிமை கேட்கிறது, சுய-இறுகு ரெசினுக்கு 60. மாதிரியை 37 டிகிரி தண்ணீரில் 50 மணி நேரம் வைத்த பிறகே சோதிக்கச் சொல்கிறது. உலர்ந்த மாதிரியில் அளந்த இழை வலிமை எப்போதும் அழகாக இருக்கும். சைலேன் பிணைப்பைத் தண்ணீர் மெல்ல அறுக்கும், அந்தச் சேதம் நீண்ட நாள் நீரில் வைத்தோ 5 முதல் 55 டிகிரி வரை சூடும் குளிரும் மாற்றியோ பார்த்தால்தான் தெரியும்.

முப்பரிமாண அச்சில் செய்த செட் என்றால் மேலே சொன்ன மோனோமர் ஈரம் அவ்வளவாக உதவாது. அந்த ரெசின் அடர்த்தியாகக் குறுக்கிணைப்பு ஆனது, எம்எம்ஏயில் ஊதாது. 50 மைக்ரான் அலுமினாவால் மெல்ல அடித்துப் பரப்பைச் சொரசொரப்பாக்கி, அந்தத் தயாரிப்பாளர் சொல்லும் பாண்டிங் திரவத்தைப் பூசிய பிறகே இழையும் ரெசினும் வைக்கச் சொல்லுங்கள்.