சிலையே இல்லாத இடத்தில் என்னத்தைப் பார்ப்பது?

கேள்வி: கணவர், மகளுடன் அடுத்த மாதம் இஸ்தான்புல் போகிறோம். பயணத் திட்டத்தில் ‘நீலப் பள்ளிவாசல் – அரை மணி நேரம்’ என்று போட்டிருக்கிறார்கள். இந்துக்களான எங்களை உள்ளே விடுவார்களா? புடவை கட்டிக்கொண்டு போகலாமா? பழக்கதோஷத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டால் தப்பாகிவிடுமா? “சிலையோ சிற்பமோ கிடையாது, அங்கே போய் என்னத்தைப் பார்ப்பது?” என்று கணவர் வேறு அலுத்துக்கொள்கிறார். கடைசி நாள் எங்கள் இஷ்டத்துக்குச் சுற்றிக்கொள்ளலாம். எங்கே போகலாம் என்றும் சொல்லுங்கள்.
– வாசகி ஒருவர், ஈரோடு

பதில்: தாராளமாகப் போகலாம். வாசலில் நிற்பவர் உங்கள் மதத்தைக் கேட்கப்போவதில்லை, உடையைத்தான் பார்ப்பார். புடவையில் கால் மறைந்துவிடுகிறது. இடுப்பும் கையும்தான் பாக்கி. முழுக்கை ரவிக்கை, மேலே அகலமான பருத்தித் துப்பட்டா, இரண்டு ஊக்கு போதும். பட்டு முந்தானையை நம்பாதீர்கள், தலையில் நிற்காது. அண்ணாந்து பார்த்ததும் வழுக்கி விழும். அங்கே வேலையே அண்ணாந்து பார்ப்பதுதான். துணி இல்லாதவர்களுக்கு வாசலில் இரவல் கொடுப்பார்கள். ஆனால் அது எத்தனை தலை கண்ட துணியோ! கணவரிடம் அரைக்கால் சட்டையை ஓட்டலிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

செருப்பைக் கழற்றிய காலைத் திரும்பக் கல்தரையில் வைக்காமல் நேரே கம்பளத்தில் வைக்க வேண்டும். முதல் தடவை போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். செருப்பைக் கையோடு கொண்டுபோக ஒரு துணிப்பை வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் தோல் திரை ஒன்று கனமாகத் தொங்கும்; கதவு சாத்தியிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிவிடாமல் ஓரத்தை விலக்கிக்கொண்டு நுழையுங்கள். தொழுபவர்களின் குறுக்கே நடக்கக் கூடாது, அவர்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டக் கூடாது. சுற்றுலாப் பயணிகளுக்கான தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்ளுங்கள். கும்பிடுவதைப் பற்றிக் கவலை வேண்டாம், ஓரமாக நின்று கைகூப்பினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நெடுஞ்சாண்கிடையாக விழுவது, வலம் வருவது, சில்லறை போடுவது இதெல்லாம் மட்டும் வேண்டாம்.

நேரம்தான் உங்கள் திட்டத்தில் இடிக்கிறது. ஐந்து வேளைத் தொழுகையையொட்டிப் பயணிகளை நிறுத்திவிடுவார்கள், வெள்ளிக்கிழமைகளில் மதியத் தொழுகை முடியும் வரைக்கும் போகவே வேண்டாம். தொழுகை நேரம் சூரியனைப் பார்த்து மாறுவதால் அன்றைய நேரத்தை முந்தின நாளே பார்த்துவையுங்கள். அரை மணி நேரத்தில் பாதி வரிசையிலேயே போய்விடும்.

நீலப் பள்ளிவாசலைக் குறை சொல்லவில்லை. முதலாம் அகமது சுல்தான் 1609-இல் தொடங்கிய கட்டடம். ஆறு மினார்கள், ‘யானைக்கால்’ என்று பெயர் வாங்கிய ஐந்து மீட்டர் குறுக்களவுள்ள நான்கு தூண்கள். இஸ்னிக் என்ற ஊரில் செய்த வண்ணச் சுவர் ஓடுகள் இருபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன, ஆனால் அவற்றில் நல்லவை மேல்மாடத்தில் இருப்பதால் நம் கண்ணுக்கு எட்டாது. ஓடுகளைக் கிட்டத்தில் பார்க்க ஆசையிருந்தால் எமினோனு பகுதியின் மசாலாச் சந்தைக்குப் பக்கத்திலுள்ள ருஸ்தம் பாஷா பள்ளிவாசலுக்குப் போங்கள். கீழே கடைகள், மாடியில் பள்ளிவாசல். அந்தக் கடை வாடகைதான் அதன் வருமானமாக இருந்தது. தக்காளிச் சிவப்பு மெழுகாகப் புடைத்து நிற்கும் ஓடுகள் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தொடாதீர்கள், அவ்வளவுதான்.

கடைசி நாளைச் சுலைமானியா பள்ளிவாசலுக்குக் கொடுங்கள். உங்கள் கணவரின் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. சுலைமான் சுல்தானுக்காகக் கட்டடக் கலைஞர் சினான் 1550 முதல் 1557 வரை கட்டியது. கோயிலில் நாம் நடந்துகொண்டே ஒவ்வொரு சந்நிதியாகப் பார்த்துப் பழகியவர்கள். இங்கே அப்படித் தேடினால் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவோம். கம்பளத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். தலைக்கு மேல் 53 மீட்டர் உயரத்தில், சுமார் 26 மீட்டர் அகலத்தில் குவிமாடம். பாரமெல்லாம் நான்கு பெருந்தூண்களில் இறங்குகிறது. அது பக்கவாட்டில் தள்ளுகிற தள்ளை வாங்கிக்கொள்ள முட்டுச்சுவர் வேண்டுமே, எங்கே காணோம்? பாதி உள்ளே, பாதி வெளியே என்று பக்கச்சுவரோடு சேர்த்துவைத்து, முன்னால் மாடங்களை ஓடவிட்டு மறைத்துவிட்டார் சினான். கணவரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அப்புறம் அவர் எழுந்திருக்கவே மாட்டார்.

விளக்குகள் தலைக்குச் சற்று மேலேயே தொங்குவதையும் பாருங்கள். இன்று மின்விளக்கு, அன்று எண்ணெய் விளக்கு. அத்தனை விளக்கின் புகையும் வாசலுக்கு மேலே உள்ள சிற்றறைக்குப் போய்ச் சேரும்படி காற்றோட்டத்தை அமைத்து, அங்கே படிந்த கரியில் எழுத்துமை தயாரித்தார்களாம். தொழுகைத் திசைச் சுவரில் இருக்கும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் ‘குடிகார’ இப்ராஹீம் என்று பெயரெடுத்த கலைஞருடையவை என்கிறார்கள். பள்ளிவாசல் வேலையை அவரிடம் கொடுத்தவர்களுக்கு ஒரு சலாம்.

பின்பக்கத் தோட்டத்தில் சுலைமானின் சமாதி, பக்கத்திலேயே மனைவி ஹுர்ரெமின் சமாதி. சினானுடையது வளாகத்துக்கு வெளியே தெருமுனையில் ஒடுங்கிக் கிடக்கிறது. பலர் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள், நீங்கள் விட்டுவிடாதீர்கள். முன்தெருவில் ஒரு காலத்தில் அபினி விற்றார்கள். இப்போது வெள்ளை பீன்ஸ் குழம்பும் சோறும் விற்கிறார்கள். சைவமென்றால் “எத்சிஸ்?” (இறைச்சி இல்லாததா?) என்று கேட்டுவிட்டு உட்காருங்கள், பல கடைகளில் இறைச்சி சேர்ப்பார்கள். முழங்கால் வலி இருந்தால் எமினோனுவிலிருந்து மேடேறாமல் பெயாசித் வரை டிராமில் வந்து நடப்பது உத்தமம்.

இன்னொன்று. இந்த மூன்று பள்ளிவாசல்களுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஹாகியா சோஃபியா பள்ளிவாசல் அப்படியில்லை. 2024 ஜனவரியில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு 25 யூரோ டிக்கெட் கொண்டுவந்து, மேல்மாடத்துக்கு மட்டும் அனுமதிக்கத் தொடங்கினார்கள். உங்கள் திட்டத்தில் அதுவும் இருந்தால், மூன்று பேருடைய டிக்கெட் பணமும் பயணக் கட்டணத்தில் அடக்கமா என்று இன்றைக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.