அம்மாவின் முகம் மண்ணில் வரவில்லையே!

"போன தையில் அம்மா தவறிவிட்டார். விளாச்சேரியில் களிமண் வாங்கி வந்து அவர் உருவத்தைச் செய்து பார்க்கிறேன். நோயில் மெலிந்த முகம்தான் கைக்கு வருகிறது. கண் வைக்கும்போது அழுகை வந்து, எல்லாவற்றையும் பிசைந்துவிடுகிறேன். முடித்த ஒன்றும் காயும்போது கழுத்தில் விண்டுவிட்டது. 'பழசைக் கிளறாதே' என்கிறார் கணவர். விட்டுவிடவா?"
- வாசகி, திருநகர், மதுரை

விட்டுவிடாதீர்கள், சகோதரி. கடைசி மாதங்களில் நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்த முகம் அது. அதை மறைத்துச் சிரிப்பை ஒட்டினால் யாரோ ஒருவராகிவிடுவார். மெலிந்த தோள் அப்படியே இருக்கட்டும். நன்றாக இருந்த காலத்தில் ஓயாமல் செய்த வேலை ஒன்றை அந்தக் கைகளுக்குக் கொடுங்கள்: பூக் கட்டுவது, புளி ஆய்வது, எதுவானாலும். உங்கள் மனதில் இரண்டு அம்மாவும் சேர்ந்துதானே இருக்கிறார்கள்!

போட்டோவை எடுத்து வைத்துவிட்டு முதுகிலிருந்து தொடங்குங்கள்: உட்காரும் விதம், கழுத்துச் சாய்வு, கொண்டை. ஒரு சாண் உயரம் போதும். அடுத்து கை, கடைசியில் முகம். குனிந்த முகத்தில் இமையை மட்டும் வைத்தாலே சாயல் வந்துவிடும்.

அழுகை வந்தால் அழுங்கள், பிசைய மட்டும் வேண்டாம். ஈரத்துணி சுற்றி, பாலிதீன் பையைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிடுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொண்டால் மண் பல நாள் பதத்திலேயே இருக்கும்.

கழுத்து விண்டது உங்கள் கைக் குற்றம் இல்லை. தலை கெட்டி உருண்டை, கழுத்து மெல்லிசு. மெல்லிசு முதலில் காய்ந்து சுருங்கும். தலை ஈரமாகவே நிற்கும். அந்த இழுவையில் விண்டுவிடும். ஃபேன் காற்று பட்டால் இன்னும் மோசம். நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேர்த்து, காற்றுக் குமிழி போக அடித்துப் பிசையுங்கள். உருவம் சற்று இறுகியதும் உடம்பை அடியிலிருந்து ஸ்பூனால் குடையுங்கள். தலையின் உச்சியை நூலால் அறுத்துத் திறந்து, அதையும் குடையுங்கள். சுவர் எங்கும் 1 செ.மீ. கனம் நிற்கட்டும். கழுத்து வழியே உடம்புக்குள் ஒரு துளை போட்டுவிட்டு, அறுத்த இரு பக்கமும் கீறி, அதே மண்ணைக் கூழாகக் கரைத்துத் தடவி அழுத்தி ஒட்டுங்கள். நிழலில் மூன்று நாள் மூடி, பிறகு ஒரு வாரம் திறந்து காயவையுங்கள். காய்ந்த விரிசலில் ஈரமண் அப்பினால் அது தனியாகச் சுருங்கி உதிரும்.

பூக் கட்டும் கை என்றால், நாரை மண்ணால் செய்ய வேண்டாம், ஒடியும். கம்பி வைத்தால் மண் அதைச் சுற்றி வெடிக்கும். சுட்ட பிறகு நிஜ வாழைநாரையே விரலில் சுற்றலாம்.

கணவரை மண் பிசையக் கூப்பிடுங்கள். அவருக்கும் அத்தை போய்விட்டார். உடைந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். புரவி எடுப்புத் திருவிழாவுக்கு ஒரு பிடி மண்ணைப் பிடிமண்ணாகக் கொடுத்து, குயவரான வேளார் செய்த மண்குதிரையைத் தூக்கிப்போய் அய்யனார் கோயில் வெளியில் வெயிலுக்கும் மழைக்கும் விட்டுவிடுகிற ஊர்க்காரர்கள் நாம். அடுத்த எடுப்புக்கு மறுபடி புதுக் குதிரை. ஆனால் தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள். அதை மண் சரிசெய்யாது.

சுடக் கொடுக்குமுன் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் உண்டு. சூளைச் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி உருவத்தைத் தெறிக்கவிடும். சில்லிப்பு போனபின் விளாச்சேரியில் சூளை வைத்திருப்பவரிடம், உள்ளே குடைந்திருக்கிறது என்று சொல்லி, சுடக் கொடுங்கள்.