ஒன்றரைப் பவுன் குருவிக்கு எதற்குக் கால் வளையம்?

கேள்வி: கோடியக்கரைக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். காட்டோரத்தில் ஒரு சின்னக் குருவியின் காலில் வெள்ளி மாதிரி ஏதோ மின்னியது. பறவைகளைப் பிடித்து வளையம் போடுவார்கள் என்றார் கூட வந்தவர். தன் பாட்டுக்குத் திரிகிற ஜீவனை வலை வைத்துப் பிடித்து விலங்கு மாட்டுவது பாவமில்லையா, சார்?
— வாசகி, மன்னார்குடி

பதில்: இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன் அம்மா. கேட்ட இடம் கோடியக்கரைக் காடுதான். விடிய இன்னும் அரைமணி இருக்கும், மாசி மாதம். 'மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள். எனக்கு மச்சு ஏது? மஃப்ளரைத் துளைத்துக் காதுக்குள் இறங்கியது. அறிவியல் வாத்தியாராக ஓய்வு பெற்ற கையோடு, உரிய அனுமதியுடன் அங்கே வளையமிடும் குழுவுக்கு எடுபிடியாகச் சேர்ந்திருந்தேன். எடுபிடி என்றால் நிஜமாகவே எடுபிடி. மூங்கில் கழி தூக்குவது, நோட்டில் எழுதுவது, டீ ஃபிளாஸ்க்கைக் காவல் காப்பது.

பாலை மரங்களுக்கு நடுவே புதர் ஓரமாக இரண்டு கழி நட்டு வலை கட்டியிருந்தார்கள். தலைமுடி போல மெல்லிய கறுப்பு நைலான், நீளம் சுமார் 12 மீட்டர். நல்ல வெளிச்சத்தில்கூட நிழல் பக்கம் வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அன்று பனி கொட்டி, ஒவ்வொரு கண்ணியிலும் முத்து கோத்தது போல நீர்த்துளி நின்றது. நான் அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வலை கட்டின பெரியவருக்கு எரிச்சல். "இப்படிப் பளபளன்னு நின்னா எந்தக் குருவி சார் வந்து விழும்?" என்று குச்சியால் தட்டித் தட்டி உதிர்த்தார். உதிர்ந்ததில் பாதி என் சட்டைக்குள்.

இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்க்க வேண்டும், அது கண்டிப்பு. குளிரில் பறவையைத் தொங்கவிட்டால் செத்துப்போகும், வெயிலில் விட்டாலும் அப்படித்தான். மூன்றாவது சுற்றில் வலையின் மடிப்பில் ஒரு நாணல் கதிர்க்குருவி கிடந்தது. மண் நிறத்தில், கடையில் தனியாக வைத்தால் யாரும் வாங்காத ரகம். புதருக்குள்ளிருந்து 'சக், சக்' என்று சத்தம் மட்டும் போடும், ஆள் தெரியாது. எந்தப் பக்கமிருந்து விழுந்ததோ அந்தப் பக்கமாகவே, முதலில் காலை விடுவித்து எடுத்தார்கள். அப்புறம் பருத்திப் பை.

ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கழுத்து, உள்ளங்கையில் முதுகு. இதுதான் பிடி. இறுக்கினால் மூச்சு முட்டும், தளர்த்தினால் பறந்துவிடும். என் கையில் கொடுத்தபோது குருவி பயந்ததா தெரியாது, எனக்குக் கை நடுங்கியது. நெஞ்சு அடிப்பது தனித்தனித் துடிப்பாக இல்லை, செல்போன் அதிர்வது போல ஒரே நடுக்கம். தொண்டைக்குக் கீழே மெதுவாக ஊதினால் இறகு விலகும். நெஞ்சுக் குழியில் கொழுப்பு இருந்தால் தோலுக்கடியில் வெண்ணெய் போல மஞ்சளாகத் தெரியும். அன்று குழி காலி. வடக்கே கிளம்பும் நேரம் நெருங்கும்போதுதான் தின்று தின்று நிரப்பும். பிறகு பழைய ஃபிலிம் ரோல் டப்பாவில் தலைகீழாக இறக்கி எடை போட்டார்கள். இருட்டில் தலை போனதும் அசையாமல் கிடக்கிறது, பாவம். 12 கிராம். உங்கள் கணக்கில் ஒன்றரைப் பவுன்.

இந்த ஒன்றரைப் பவுன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற நாடு எது தெரியுமா? பின்லாந்திலிருந்து சைபீரியா வரை நீளும் அந்த வடக்குச் சீமையில் எங்கோ ஓரிடம். எங்கே என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வளையம் அதற்குத்தான். மெல்லிய அலுமினியம், அதில் ஓர் எண், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவியுங்கள் என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து. நம் காலில் மெட்டி இருப்பது போல, அசையும், உருளும், ஆனால் கழலாது.

இந்த வேலையை முறையாகத் தொடங்கி வைத்தவரும் ஒரு வாத்தியார்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். டென்மார்க்கில் விபோர்க் என்ற ஊரில் மார்டென்சன் என்பவர், 1899இல், நம் மைனாவின் உறவுக்காரப் பறவைகளுக்கு எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையம் போட்டார்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தேர்ந்த கையிலும் எப்போதாவது ஒன்று இறந்துபோவதுண்டு. அதனால்தான் அனுமதியும் பயிற்சியும் இல்லாமல் யாரும் தொடக்கூடாது. பாவக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நான் செய்த பாவம் ஒன்று இருக்கிறது. அன்று கடைசிச் சுற்றில் வந்த கதிர்க்குருவியின் காலில் ஏற்கெனவே தேய்ந்த வளையம் இருந்தது. புதுக் குருவி பத்தைவிட அப்படிப்பட்ட ஒன்று மேல். எண்ணை நான் வாசிக்க வேண்டும், பக்கத்தில் எழுதுவார்கள். கண்ணாடியில் பனி. துடைக்கக் கையை எடுத்தேன், போயே போய்விட்டது. கடைசி மூன்று இலக்கம் பாக்கி. யாரும் திட்டவில்லை. பெரியவர் மட்டும் டீயை எனக்குக் கடைசியாக ஊற்றினார்.

மறுநாள் காலை அதே வலையில் அதே வளையம் வந்து விழுந்தது. பதிவேட்டைப் புரட்டினால், இரண்டு வருஷத்துக்கு முன்பு அதே புதர் ஓரத்தில் போட்டது. அதாவது அத்தனை தூரம் இரண்டு தடவை போய், இரண்டு தடவை திரும்பி, அதே புதருக்கு.

கேள்வி: செயற்கைக்கோள் காலத்தில் இன்னுமா வளையம்? ஒரு கருவியைக் கட்டிவிட்டால் போதாதா?
— வாசகர், திருச்சி

பதில்: பெரிய பறவைக்குச் சரி. 2007இல் அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு 11,000 கிலோமீட்டருக்கு மேல் தரையிறங்காமலே பறந்த பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையைச் செயற்கைக்கோள் கருவிதான் காட்டிக்கொடுத்தது. ஆனால் 12 கிராம் குருவியின் முதுகில் நீங்கள் எதைக் கட்டுவீர்கள்? தவிர, கருவிக்கு ஆயுள் கொஞ்சம். பசிபிக் கடலில் மிட்வே தீவில் 1956இல் வளையம் மாட்டிய ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை ஒன்று, 2024இலும் முட்டையிட்டது. வளையம் தேயத் தேயப் பல தடவை மாற்றியிருக்கிறார்கள். அடையாளம் மட்டும் தொடர்கிறது.

கேள்வி: எங்கள் மொட்டை மாடியில் காலில் வளையத்தோடு ஒரு புறா வந்து உட்கார்ந்திருக்கிறது. உளவுப் புறாவாக இருக்குமோ என்று மாமியார் பயப்படுகிறார்.
— வாசகி, சென்னை

பதில்: பந்தயப் புறாவாக இருக்கும். வளையத்தில் வெட்டு இருக்கிறதா பாருங்கள். வெட்டே இல்லாத முழு வளையமென்றால், குஞ்சாக இருந்தபோது பிஞ்சுக் காலில் யாரோ மாட்டியது. தண்ணீர் வையுங்கள், கொஞ்சம் கம்பு போடுங்கள், எண்ணைக் குறித்துக்கொண்டு பக்கத்தில் புறா வளர்ப்பவர் யாரிடமாவது சொல்லுங்கள். இளைப்பாறிவிட்டு அதுவே போய்விடும். மாமியாருக்கும் ஒரு டீ கொடுங்கள்.